ஆற்றுத் தீவுகளைப் பற்றித் தப்பாக நினைப்பவை

ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டியது, தீவு உருவானது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது முதல் தவறு. அசாமின் மாஜுலி அப்படிப் பிறந்த தீவு அல்ல. முன்பு வடக்கே பிரம்மபுத்திராவும் தெற்கே புரிதிஹிங்கும் ஓட, நடுவில் கிடந்த நிலம் அது. 1750 வாக்கில் வந்த பெருவெள்ளங்களில் பிரம்மபுத்திரா தெற்கே திரும்பி, புரிதிஹிங்கின் தடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய தடம் மெலிந்து ஒரு கிளையாக ஒதுங்கியது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, ஆறுதான் இடம் மாறியது. நம் ஸ்ரீரங்கம், முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதால் அமைந்த தீவு. அதே காவிரியில் கர்நாடகத்திலுள்ள சிவனசமுத்திரமோ பாறை நிலம். மூன்றுக்கும் ஒரே கதையைச் சொல்ல முடியாது.

மணல்திட்டாகவே பிறக்கும் தீவுகளும் ஏராளம்தான். ஆறு அகலும் இடத்தில் நீரின் வேகம் குறைய, கனமான மணல் முதலில் இறங்கும். திட்டு தலைதூக்கியதும் நீர் இரு பக்கமும் ஒதுங்கிக் கரைகளை அரிக்கும். ஆறு இன்னும் அகலும், திட்டும் வளரும். அதில் நாணல் முளைத்துவிட்டால் அடுத்த வெள்ளத்தின் வண்டலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்காக, நாணல் வந்துவிட்டதே, இனி நிலைத்துவிடும் என்று நம்பக் கூடாது. ஒரே மழைக்காலத்தில் கரைந்துபோகும் திட்டுகள் பிரம்மபுத்திராவில் சாதாரணம்.

அப்புறம் இந்தச் செயற்கைக்கோள் படங்கள். ஜனவரியில் எடுத்ததையும் ஆகஸ்டில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து, "பாதித் தீவு போச்சு" என்று பகிர்கிறார்கள். நீர்மட்டம் ஏறினால் ஓரத்து மணல் மூழ்கும், அவ்வளவுதான். ஒரே பருவத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும். மாஜுலியின் பழைய பரப்புக்கே 880 சதுர கிலோமீட்டர் என்றும் 1,250 என்றும் இரண்டு கணக்கு புழங்குகிறது. சுற்றியுள்ள திட்டுகளையும் சேர்த்து அளந்தார்களா என்று கேட்காமல் இழப்பைக் கணக்கிடுவதில் அர்த்தமில்லை. தீவு வெகுவாகச் சுருங்கிவிட்டது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் கரை இடியும் என்பதும் அரைகுறை உண்மை. வெள்ளம் வடியும்போதும் கவனம் வேண்டும். ஊறிக் கனத்த மண்ணுக்கு வெளியிலிருந்து அணைத்து நின்ற நீர் இறங்கிவிட, கரை பாளம் பாளமாகச் சரியும். தண்ணீர் குறைந்துவிட்டது என்று கரையோர வீட்டுக்கு அவசரமாகத் திரும்புவது ஆபத்து.

அதிகம் குழப்புவது வண்டல் விஷயம். வண்டல் கூடினால் தீவு வளரும், குறைந்தால் தேயும் என்று நினைக்கிறோம். 1950 ஆகஸ்ட் 15 அன்று அசாமை உலுக்கிய 8.6 அளவு நிலநடுக்கத்தில் மலைகள் சரிந்து ஏராளமான மண் பிரம்மபுத்திராவில் இறங்கியது. மாஜுலி வளரவில்லை. ஆற்றின் அடித்தளம் உயர்ந்து, நீர் பக்கவாட்டில் பரவி, கரைகளைத் தின்றது. அரிப்பு தீவிரமானதே அதற்குப் பிறகுதான். மறுபக்கம், மேலே அணை கட்டி மணலைத் தடுத்தாலும், கீழே லாரி லாரியாக அள்ளினாலும், ஆறு தன் அடியைத் தோண்டும். கரையின் கால் பறிபோகும். கூடினாலும் சிக்கல், குறைந்தாலும் சிக்கல்.

தீவு அரிப்பால் மட்டும்தான் அழியும் என்பதும் சரியல்ல. ஒரு பக்கக் கிளை தூர்ந்துபோனால் தீவு கரையோடு ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் ஆழமாகி நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, காவிரி மேடிட்டுக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஸ்ரீரங்கம் திருச்சிக் கரையோடு சேர்ந்திருக்கலாம். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி நீரைக் காவிரிக்குத் திருப்பினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதே அணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது, முதல் வேலையாகப் பாறாங்கற்களையும் மணல் மூட்டைகளையும் அடுக்கி, கொள்ளிடத்துக்குள் பாய்ந்த நீரைத் தடுக்கப் போராடினார்கள்.