பெயரெச்சத்தை எண்ணிவிட்டுச் சமையல் புத்தகம் வாங்குங்கள்

என் மனைவி செவிலியர். மாதத்தில் பாதி நாள் அவருக்கு மதியம் 2 மணியிலிருந்து இரவு 9 மணி வரை பணி. அந்த நாட்களில் இரவுச் சாப்பாடு என் பொறுப்பு. நான் திருச்சியில் தமிழாசிரியர். சிறப்பு வகுப்பு முடித்து வீடு வந்து சேர 6.15 ஆகிவிடும். பிள்ளைகள் இருவரும் 8 மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். முதல் ஆறு மாதம் தோசை, சப்பாத்தி, ரவை உப்புமா என்றே ஓடியது. மாவு தீர்ந்த நாளில் கடைப் பரோட்டா. வளரும் பிள்ளைகளுக்கு இது போதாது என்று தோன்றியதால்தான் சமையல் புத்தகம் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கிய புத்தகத்தில் ஒரு புடலங்காய்க் கூட்டுக்கு 20 நிமிடம் என்று போட்டிருந்தது. 7 மணிக்குத் தொடங்கினேன். தட்டு வைக்கும்போது மணி 8.40. சின்னவன் சாப்பிடாமலே தூங்கிப்போயிருந்தான். அது என்னை மிகவும் வருத்தியது. இரவு அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். தேவையான பொருள்கள் இப்படி இருந்தன: வேகவைத்த கடலைப்பருப்பு அரை கப், பொடியாக நறுக்கிய புடலங்காய் 2 கப், துருவிய தேங்காய் கால் கப், உரித்த சின்ன வெங்காயம் 15.

படித்த பையன், வந்த மாடு என்று வகுப்பில் பெயரெச்சம் நடத்துகிறோம். பெயருக்கு முன்னால் நிற்கும் வினைச்சொல்; இறந்தகாலத்தில் வந்தால் ஒரு வேலை நடந்து முடிந்ததைச் சொல்லும். சமையல் குறிப்பில் அந்த வேலையை யார் முடித்து வைத்தார்கள்? யாருமில்லை, நாம்தான் முடிக்க வேண்டும். 20 நிமிடம் என்பது அந்த நான்கு பெயரெச்சங்களும் முடிந்த பிறகு தொடங்குகிற கணக்கு. அன்றிலிருந்து எந்தச் சமையல் புத்தகத்தை எடுத்தாலும் நடுவிலிருந்து மூன்று பக்கத்தைத் திறந்து, பொருள்கள் பட்டியலில் உள்ள பெயரெச்சங்களை முதலில் எண்ணுகிறேன். ஒரு குறிப்புக்கு இரண்டு வரை சரி. நான்கு, ஐந்து என்று போனால் அது ஞாயிற்றுக்கிழமைப் புத்தகம்.

எல்லாப் பெயரெச்சமும் ஒரே விலை அல்ல. ‘ஊறவைத்த’ என்றால் காலையில் கிளம்பும்போது ஞாபகம் இருந்தால் போதும், வேலை தானாக நடக்கும். ‘துருவிய தேங்காய்’ முன்கூட்டியே துருவி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளக்கூடியது. ‘வேகவைத்த கடலைப்பருப்பு’ என்றால் குக்கர் விசிலோடு, ஆவி அடங்கக் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து அரை மணி போகும். அதே இடத்தில் பாசிப்பருப்பு போட்டிருந்தால், ஊறவைக்காமலே காயோடு சேர்த்து ஒரே குக்கரில் வெந்துவிடும். ‘பொடியாக நறுக்கிய பீன்ஸ்’ கால் கிலோவுக்கு எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ‘உரித்த சின்ன வெங்காயம்’ பற்றி உங்களுக்கே தெரியும். ‘ஆய்ந்த முருங்கைக்கீரை’ பல வீடுகளில் நடக்காத காரியம். எங்கள் வீட்டில் அம்மா மாலை 5 மணிக்குக் கீரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அதனால் எனக்கு அதற்கு நேரமே ஆவதில்லை. ஆகவே உங்கள் வீட்டில் எந்தக் கை எப்போது சும்மா இருக்கிறது என்று பார்த்துத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

அப்புறம் செய்முறைக்கு வாருங்கள். அங்கே வினையெச்சங்கள் இருக்கும். ‘வறுத்து, ஆறவைத்து, அரைத்து’ என்ற மூன்றில் நடுவில் உள்ளதுதான் நேரத்தைத் தின்கிறது. சூட்டோடு மிக்ஸியில் போடக்கூடாது, மூடி தெறித்துவிடும். ஆறுவதற்குப் பத்து நிமிடமாவது வேண்டும். நேரத்தை அக்கறையோடு கணக்கிட்ட ஆசிரியர், முதல் வரியிலேயே வறுக்கச் சொல்லி, அது ஆறும் நேரத்தில் காய் நறுக்கச் சொல்லியிருப்பார். வரிசை அப்படி அமைந்திருந்தால், அவர் உண்மையிலேயே அந்த அடுப்படியில் நின்று எழுதியிருக்கிறார் என்று நம்பி அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்வேன். வெளிநாட்டு ஆங்கிலப் புத்தகங்களில் கொண்டைக்கடலை 20 நிமிடத்தில் தயாராவது டின்னில் வரும் வெந்த கடலையால். நம் வீட்டில் அதற்கு ஓர் இரவு ஊற வேண்டும்.

இனி, எங்கே தேடுவது. முதலில் நூலகம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், தயங்காமல் போங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி முறையில் அமைந்த நூலகம் என்றால் சமையல் 641.5 என்ற எண்ணில் இருக்கும். இல்லையென்றால் நூலகரிடம் ‘சமையல் அடுக்கு எங்கே சார்?’ என்று கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுவார். மாவட்ட மைய நூலகத்திலும் என் கிளை நூலகத்திலுமாக 11 புத்தகம் எடுத்துப் பார்த்தேன். நூலகப் புத்தகத்தில் இன்னொரு நன்மை உண்டு: மஞ்சள் கறை படிந்த பக்கங்களை வேறு யாரோ சமைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பழைய பேப்பர் கடை. பெண்கள் பத்திரிகைகளோடு இலவச இணைப்பாக வரும் ‘30 வகை’ சின்னப் புத்தகங்கள் அங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கும். பலவும் ஒரே காய் அல்லது ஒரே தானியத்தை வைத்து எழுதப்பட்டவை என்பதால், வரகும் சாமையும் வாங்கி வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாதவர்களுக்கு இவை நன்றாக உதவும். மூன்றாவது, புத்தகக் காட்சி. சென்னையில் ஜனவரியில் நடக்கிறது, மற்ற மாவட்டங்களிலும் இப்போது நடத்துகிறார்கள். வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனால் தள்ளுபடிக்காக வாங்காதீர்கள், அங்கேயே நின்று மூன்று பக்கம் எண்ணுங்கள்.

ஆரோக்கியம் என்று அட்டையில் போட்டிருந்தால் அதையும் சோதிக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு அது சொல்வது காய்கறி 400 கிராம், எண்ணெய் 27 கிராம். உப்பு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. இந்த மூன்று அளவுகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம். நான்கு பேருக்கான பொரியலுக்கு 4 மேசைக்கரண்டி என்றால், ஆளுக்கு ஒரு நாள் எண்ணெயில் பாதி அந்த ஒரு தொடுகறியிலேயே முடிந்தது. நான்கு பேருக்கான காய்கறி சாதத்தில் ஒரு கேரட்டும் ஆறு பீன்ஸும்தான் என்றால் அதற்குக் காய்கறி சாதம் என்ற பெயர் பொருந்தாது. ‘எண்ணெய், உப்பு தேவையான அளவு’ என்று விட்டிருந்தால் நாம் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘அப்பளம், ஊறுகாயுடன் பரிமாறவும்’ என்று வந்தால், அம்மா இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. உப்பு அந்த வழியாகவும் நிறைய வருகிறது.

பொருளடக்கத்தையும் பாருங்கள். மாலை 6.15க்கு என்னிடம் இருப்பது பாதிச் சுரைக்காயும் இரண்டு தக்காளியும். சுரைக்காய் என்று தேடினால் பக்கம் கிடைக்க வேண்டும். ‘விருந்து வகைகள்’, ‘சுவையான சாத வகைகள்’ என்று பிரித்தால் எனக்கு உதவாது. பளபளப்பான படங்களை நான் கணக்கில் எடுப்பதில்லை.

பழைய புத்தகங்கள் கிடைத்தால் விடாதீர்கள். பீர்க்கங்காய்த் தோலைக்கூட வீணாக்காமல் துவையலாக்கச் சொல்லித்தருபவை அவை. 1956இல் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வருவதற்கு முந்தைய அளவுகள் அவற்றில் இருக்கும். ஒரு பலம் சுமார் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை. எட்டு ஆழாக்கு ஒரு படி, ஓர் ஆழாக்கு சுமார் 168 மில்லி. ஆனால் நாள் முழுக்க ஒருவர் அடுப்படியில் இருப்பார் என்று எண்ணி எழுதியவை அவை, பெயரெச்சக் கணக்கில் கறாராக இருங்கள்.

கடைசியாக, வாங்கும் முன் சமைத்துப் பாருங்கள். செவ்வாய், புதன், வியாழன் என்று அடுத்தடுத்து மூன்று வேலை நாள், ஒரே புத்தகத்திலிருந்து மூன்று குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகம்தான், அன்று சோதிக்க வேண்டாம். தொடங்கிய நேரம், தட்டு வைத்த நேரம், மிஞ்சியது எவ்வளவு என்று ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். நான் எடுத்த 11இல் இரண்டைத்தான் பிறகு காசு கொடுத்து வாங்கினேன். அவற்றில் ஒன்றின் 34ஆம் பக்கத்தில் என் பென்சில் குறிப்பு இருக்கிறது: ‘சுரைக்காய், பாசிப்பருப்புக் கூட்டு. 6.40 – 7.20. காயைப் பெரிதாகவே வெட்டலாம். உப்பு அவர்கள் சொன்னதில் முக்கால் போதும். பெரியவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். 9.30க்கு வந்தவளுக்கும் ஒரு கிண்ணம் இருந்தது.’