வன்னியில் பறவை பார்க்கிறவர்கள் விடும் பிழைகள்

இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த செய்தி வந்தால் போதும், "இப்ப வந்தால் பறவை பார்க்கலாமா?" என்று கொழும்பிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். குளம் நிரம்பினால் பறவையும் நிரம்பும் என்று ஒரு கணக்கு. முதல் பிழையே அதுதான். நிறைகுளத்தில் நீர்க்காகம் இருக்கும், கூழைக்கடா இருக்கும், சரி. ஆனால் ஐப்பசி தொட்டு வடக்கிலிருந்து வந்திறங்கும் உள்ளான் வகைகளுக்குக் கால் நனையத் தண்ணீரும் அலகு இறங்கச் சேறும் வேண்டும். தண்ணீர் வற்றி அலைகரையில் சேறு தெரியத் தொடங்கிய பிறகு வாருங்கள். வவுனிக்குளமோ கட்டுக்கரையோ, விடிந்து அரை மணித்தியாலத்துக்குள் கரையில் நின்றால் நல்லது. யானையும் தண்ணீருக்கு வருகிற இடம், தனியே போகாதீர்கள்.

அடுத்தது, கிட்டப் போவது. தள்ளாடியிலிருந்து மன்னார்ப் பாலத்துக்குப் போகும் வீதியோரத்தில் நின்றாலே வங்காலைச் சரணாலயத்தின் பூநாரைகள் தெரியும். 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்த இடம் அது. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்குகிறவர்கள் குறையவில்லை. பூநாரையால் நின்ற இடத்திலிருந்து கிளம்ப முடியாது, தண்ணீரில் ஓடி ஓடித்தான் எழும்பும். அது படத்தில் அழகாக விழும் என்று கை தட்டி எழுப்புகிறவர்களையும் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு எழும்பலுக்கும் அது தின்றதில் ஒரு பங்கு போகிறது. நீண்ட பயணம் வந்த பறவைகளுக்கு இது இன்னும் பெரிய நட்டம். மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பூட்டி விட்ட மேகா என்ற கடற்காகம் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போய் 2021இல் திரும்பி வந்தது. அப்படிப் போக வேண்டியதுகள் இங்கே கொழுப்பு ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலையை நிமிர்த்தி, எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டீர்கள். நில்லுங்கள், பின்னால் வாருங்கள்.

கூடு விஷயத்தில் என் பிழையையே சொல்கிறேன். ஒரு வைகாசியில் தரவையில், அதாவது மாடு மேயும் புல்வெளியில், நடக்கும்போது ஆட்காட்டி ஒன்று தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கத்துகிறது என்றால் முட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தேடினேன். குளம்படி அளவு பள்ளத்தில், காய்ந்த சாணித் துண்டுகளுக்கு நடுவே நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்நோக்கி. மண்ணிறத்தில் கறுப்புத் திட்டுகள், கண்ணை எடுத்தால் காணாமல் போய்விடும். மறுநாள் படம் எடுக்க வசதியாகப் பக்கத்தில் ஒரு பனைமட்டையைக் குத்திவிட்டு வந்தேன். மறுநாள் போனால் மட்டையின் உச்சியில் காகம் குந்தியிருக்கிறது. கீழே கோதுதான் கிடந்தது.

காகம் வராவிட்டாலும் வெயில் இருக்கிறது. ஆட்காட்டி முட்டையில் படுப்பது சூடாக்க மட்டுமல்ல, உச்சி வெயிலில் நிழல் கொடுக்கவும்தான். வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்த்தும். நாம் பக்கத்தில் நின்று படம் எடுக்கிற நேரம் முழுக்க அது இறங்காது. கத்தல் கேட்டால் வந்த வழியே திரும்புவதுதான் சரி.

கடலோர உப்புவெளியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அனுமன் பெயர் சூட்டி 2023இல் தனி இனம் என்று உறுதிசெய்யப்பட்ட சின்ன உப்புக்கொத்தி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே கூடு வைப்பது, அப்படியான வெறும் மணலில்தான் முட்டையிடுகிறது. சில்லுக்கு அது தெரியாது.

போனில் குரலை ஓடவிட்டுச் செண்பகத்தையோ கௌதாரியையோ வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டது என்று அது தன் வேலையை விட்டுவிட்டு ஓடி வரும். கூடு கண்ட இடத்தை அன்றைக்கே முகநூலில் போடவும் வேண்டாம். கரையில் தங்கூசி (நைலோன்) வலைத் துண்டு கிடந்தால் சுருட்டி எடுத்து வாருங்கள், கால் சிக்கினால் பறவை தப்பாது. படைமுகாம் இருக்கும் திசைக்குப் பெரிய லென்ஸைத் திருப்பினால் மிச்ச நாள் விளக்கம் சொல்வதில் போகும். மிதிவெடிச் சிவப்புப் பலகை கண்ட இடத்தில் எந்தப் பறவைக்காகவும் பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கடைசியாக, நல்ல மனதோடு செய்கிற பிழை ஒன்று. தரவையைக் கண்டதும் "சும்மா கிடக்கிற காணி, மரம் நட்டால் என்ன?" என்று கன்றுகளோடு வந்து இறங்குகிறார்கள். வானம்பாடிக்கும் ஆட்காட்டிக்கும் அந்த வெளிதான் வீடு. மாடு மேய்ந்து கட்டையாகக் கிடக்கும் புல்லில், நாலு பக்கமும் பார்வை போனால்தான் அதுகள் துணிந்து கூடு வைக்கும். அங்கே வேம்பு வளர்ந்தால் காகத்துக்குத்தான் வசதி, என் பனைமட்டையைப் போல. சேற்றுவெளியில் கண்டல் நடுவதும் இதே கதைதான், உள்ளான் மேய்கிற இடம் பற்றையாகிவிடும். மரம் நட வேண்டுமென்றால் வளவு இருக்கிறது, வீதியோரம் இருக்கிறது, பாலையும் முதிரையும் வெட்டுப்பட்ட காட்டோரம் எவ்வளவோ இருக்கிறது.