உப்புத்தண்ணீர் மீன்தொட்டியில் புழுவா? முதலில் டார்ச்சை எடுங்கள்

ராத்திரி விளக்கை அணைத்தபின் பாறை இடுக்கிலிருந்து ஏதோ நெளிந்து வருகிறதா? மருந்துப் பாட்டிலைத் தேடாதீர்கள். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்துக்கு அவை அவ்வளவாக ஓடி ஒளியாது.

இளஞ்சிவப்பு உடம்பு, இரண்டு பக்கமும் வெள்ளை முடி என்றால் பிரிஸ்டில் புழு. பெரும்பாலும் நல்ல பிள்ளைதான். மிச்சத் தீனி, செத்த நத்தை எல்லாவற்றையும் காலி பண்ணிவிடும். என் மனைவி அதற்கு ‘மேஸ்திரி’ என்றே பேர் வைத்திருக்கிறாள். திடீரென்று பெருகினால், தீனி போடுகிற கையைத்தான் கட்ட வேண்டும். இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு போதும்.

ரொம்பப் பெருகிவிட்டதா? சின்ன பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் புழு நுழைகிற அளவு ஓட்டை போட்டு, உள்ளே நம்ம மதுரை கரிமேட்டு மார்க்கெட் இறால் ஒரு துண்டை வைத்து, விளக்கணைத்ததும் மணலில் படுக்க வையுங்கள். தூங்கப் போவதற்குள் எடுத்துவிடுங்கள், இறால் அழுகினால் வேறு தலைவலி. கத்தியால் வெட்டாதீர்கள், சில வகையில் துண்டும் தனிப் புழுவாக வளரும். கையுறை கட்டாயம். அந்த முடி சப்பாத்திக்கள்ளியின் பொடிமுள் மாதிரி தோலில் இறங்கும். இறங்கிவிட்டால் தேய்க்காமல் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிடுங்குங்கள். வீக்கம் அதிகமானால் டாக்டரிடம் போங்கள்.

வெள்ளை முடிக்கொத்தின் அடியில் சிவப்புச் செவுள் தெரிந்து, புழு பவளத்தின் மேலேயே ஏறி மேய்ந்தால் அது நெருப்புப்புழு. அதற்கு இரக்கம் வேண்டாம். நீள இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பது செந்தட்டைப் புழு. சில மில்லிமீட்டர்தான் இருக்கும். துருப்பிடித்த நிறம், வால் பிளந்திருக்கும். வெளிச்சம் விழுந்து தண்ணீர் ஓட்டம் குறைந்த இடத்தில் அப்பிக்கொள்ளும். இதன் உடம்பில் விஷம் உண்டு. நேராக மருந்து போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் செத்து, விஷம் கலந்து மீனும் போய்விடும். அதனால் முதல் வேலை உறிஞ்சி எடுப்பது. நடுப்பகலில், வெளிச்சத்தில் கூடியிருக்கும்போது, ஏர் டியூபைக் கண்ணாடியோரம் வைத்து வாளிக்கு இழுங்கள். வாளி வாயில் பழைய வேட்டித்துணி கட்டினால் தண்ணீரைத் திருப்பி ஊற்றிக்கொள்ளலாம். பல நாள் இதைச் செய்து, எண்ணிக்கை நன்றாகக் குறைந்தபின்தான் தட்டைப்புழு மருந்து; அளவு பாட்டிலில் உள்ளபடி. விஷத்தை உறிஞ்சுகிற புது ஆக்டிவேட்டட் கார்பனும், ஆர்ஓ தண்ணீரில் முந்தின நாளே கரைத்த உப்புத்தண்ணீரும் தயாராக இருக்கட்டும். நம்ம ஊர் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். புழு சுருண்டு விழ விழ உறிஞ்சுங்கள். முடிந்ததும் கால்வாசித் தண்ணீரை மாற்றி, மீதியைக் கார்பன் வழியாக ஓட்டுங்கள்.

நாள் பார்த்துச் செய்யுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, அப்போது மருந்து வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கும் வேண்டாம். பம்ப் நின்றால் கார்பன் சும்மா கிடக்கும்.

புழு பெரும்பாலும் புதுப் பாறையோடும் பவளத்தோடும்தான் வருகிறது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் கடலோரம் போய் எடுத்து வரலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் இருக்கின்றன, ஜெயில்தான். மென்பவளம் வாங்கினாலும் தொட்டியில் போடுமுன் பவள டிப்பில் (ஒட்டியிருக்கும் புழுவை உதிர்க்கிற மருந்துத் தண்ணீர்) முக்கி, பவளம் ஒட்டியிருக்கிற அடிக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். முட்டையை டிப் கொல்லாது. அதனால் தனித் தொட்டியில் வைத்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை முக்குங்கள்.