குதிரை லாயத்துக்கு ஏற்ற பனிக்கால பூட்ஸ்

கனடாவின் ஆல்பர்ட்டாவில் லாய வேலைக்கு பூட்ஸ் வாங்கப் போனால், நான் முதலில் பார்ப்பது பாதப் பகுதியை. அது தையலே இல்லாத ரப்பராக இருக்க வேண்டும். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா தோலையும் தையல் நூலையும் அரித்துவிடும். விலை உயர்ந்த தோல் பூட்ஸுக்கும் இதே கதிதான். வேலை முடிந்ததும் கழுவிவிடுங்கள்.

உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உறை அவசியம். மைனஸ் 20 டிகிரியில் வியர்வை ஈரமே காலை விறைக்க வைக்கும். உறையை இரவில் உருவிக் காயவைக்கலாம். தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள், விரல்கள் தாராளமாக அசைந்தால் சரி.

500 கிலோ குதிரை காலை மிதிக்கும். கனடாவின் தர நிர்ணய அமைப்பான சிஎஸ்ஏவின் பச்சை முக்கோண முத்திரை இருந்தால் கால்விரல் காப்பு உண்டு. எஃகு குளிரைக் கடத்தும் என்பதால் உலோகம் இல்லாத காம்போசிட் (கலவைப் பொருள்) காப்பையே நான் கேட்பேன்.

அப்புறம், இந்த பூட்ஸோடு சவாரி வேண்டவே வேண்டாம். அகலமான அடிப்பாகம் சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியில் சிக்கிக்கொள்ளும்.