மழைக்கு முன்னால் போட வேண்டிய ஊசி: குமரி மாவட்டத்தில் ஃபுளூ தடுப்பூசி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டின் பிற மாவட்டங்கள் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும். நமக்கோ வைகாசி முடிவதற்குள் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அது ஓய்ந்து துணிமணி காய்வதற்குள் துலாமழை என்கிற ஐப்பசி மழை வந்து நிற்கும். இந்தியாவில் ஃபுளூ காய்ச்சல் ஆண்டுக்கு இரண்டு தடவை ஏறுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு தடவை, பருவமழையோடும் அதை ஒட்டியும் இன்னொரு தடவை. ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நெருங்கி இருக்கும் நாட்கள் அதிகமுள்ள நம் மாவட்டத்தில் இரண்டாவது ஏற்றம்தான் பெரிய கவலை. இந்த நாள் கணக்கைச் சரியாகப் போடாததால்தான் தடுப்பூசி விஷயத்தில் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன என்பது என் எண்ணம். ஊசியைப் பற்றிய பயம்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் இருக்கிறது.

அக்டோபர் வரை காத்திருப்பது

பிரிட்டனிலோ அயர்லாந்திலோ நர்ஸாக இருக்கும் மகள் போனில் சொல்வாள்: "நான் அக்டோபர்ல ஃபுளூ ஊசி போட்டாச்சு, நீங்களும் அப்பாவும் போடுங்கம்மா." வளைகுடா நாடுகளிலும் ஏறக்குறைய அதே மாதத்தில்தான் போடுகிறார்கள். அங்கே குளிர்காலம்தான் ஃபுளூ காலம் என்பதால் அவர்களுக்கு அது சரி. இங்கே அக்டோபருக்குள் ஒரு மழைக்காலமே முடிந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை ஃபுளூ தடுப்பூசியில் எந்த வைரஸ் வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. வரைபடத்தில் நாம் வட அரைக்கோளம்தான். ஆனால் நம் ஃபுளூ வரும் மாதங்கள் தென் அரைக்கோளத் தடுப்பூசியோடுதான் பொருந்துகின்றன. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் புதிய தடுப்பூசியைப் போட்டுக்கொள்வதே நமக்கு ஏற்றது. எந்த அரைக்கோளம், எந்த ஆண்டு என்பது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், கேட்டுப் பாருங்கள். ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஜூன் முதல் வாரத்தில் மழை என்றால் மே பாதிக்குள் போட்டிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "மழைதான் தொடங்கிட்டே, இனி எதுக்கு?" என்று விட்டுவிடுவது. மே மாதம் தவறியவர் ஜூனில் போடலாம், ஜூலையிலும் போடலாம். துலாமழை இன்னும் பாக்கி இருக்கிறது.

இதில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் விமானம் ஏறி வந்து இறங்குவது சரியாக நம் மழைக்காலத்தில். ஆண்டு முழுக்க தனியாக இருந்த பாட்டாவும் பாட்டியும் திடீரென்று பத்துப் பேர் நடுவில் இருப்பார்கள். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கொளச்சல் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளர்களும் அந்நேரம் கரையில், வீட்டில் இருப்பார்கள். யாரையும் வர வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பிள்ளைகள் டிக்கெட் எடுத்ததும் வீட்டுப் பெரியவர்களுக்கு ஊசி போடும் நாளையும் குறித்துவிட வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் செய்யாது மக்களே"

பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். ஃபுளூ என்றால் மூன்று நாள் சளிக்காய்ச்சல், சுக்குக்காப்பி குடித்தால் போய்விடும் என்ற எண்ணம். இளவயதில், நல்ல உடம்பில் பெரும்பாலும் அப்படித்தான் போய்விடும். 60 வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, இதய நோயாளி, சிறுநீரக நோயாளி, இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர், விறகடுப்புப் புகையிலும் முந்திரி ஆலைப் புகையிலும் பல ஆண்டு இருந்து நுரையீரல் கெட்டுப்போனவர் ஆகியோருக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

நுரையீரலோடு முடிகிற விஷயமும் அல்ல. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஃபுளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய ஆறு மடங்கு கூடுகிறது என்று காட்டியது. ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு மாத்திரை தவறாமல் வாங்கித் தரும் பிள்ளைகள் இந்த ஊசியை மறந்துவிடுகிறார்கள். இதய நோய்க்கான கவனிப்பில் இதுவும் ஒரு பகுதி.

"போன வருஷம் போட்டேனே" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. வைரஸும் மாறுகிறது, உடம்பில் உண்டான எதிர்ப்பும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. அதனால் ஆண்டுக்கு ஒரு முறை வேண்டும். 2021-இல் போட்ட கோவிஷீல்டோ கோவாக்சினோ ஃபுளூவுக்குக் காவல் ஆகாது. அது வேறு வைரஸ். நான்கு வகை ஃபுளூ வைரஸுக்கான தடுப்பூசி கிடைக்கவில்லை, மூன்று வகைதான் இருக்கிறது என்று திரும்பி வருகிறவர்களும் உண்டு. நான்காவது வகையான பி யமகாட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதனால் உலக சுகாதார நிறுவனமே இப்போது மூன்று வகைதான் போதும் என்கிறது. கிடைப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசியே காய்ச்சலைத் தரும் என்ற பயம்

கையில் போடும் ஃபுளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. செயலிழந்த வைரஸோ அதன் துண்டுகளோதான் இருக்கும். அதனால் ஃபுளூ வராது. போட்ட இடத்தில் வலியும், ஒன்றிரண்டு நாள் உடம்பு அசதியும் லேசான சூடும் வரலாம். அது உடம்பு பாடம் படிக்கும் அறிகுறி. முன்பு போட்டபோது கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் போடக் கூடாது. லேசான மூக்கொழுகல் தடையல்ல; நல்ல காய்ச்சல் என்றால் குறைந்த பிறகு போடலாம்.

"போட்டும் எனக்கு சளி வந்ததே" என்ற வருத்தத்துக்கு நேர்மையான பதில் வேண்டும். சாதாரண சளியை உண்டாக்கும் வைரஸ்கள் எத்தனையோ. இந்த ஊசி அவற்றைத் தடுக்காது. ஃபுளூவையும் முழுக்கத் தடுப்பதில்லை. வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போகும் நிலையை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. வந்தாலும் ஐசியூ வரை போகாமல் காப்பாற்றுவதில்தான் இதன் பெரிய பயன்.

வாங்கி, கவரில் போட்டு, பஸ்ஸில் எடுத்து வருவது

இந்தத் தவறு நல்ல எண்ணத்தோடு நடக்கிறது. பாட்டிக்கு நடக்க முடியாது, ஆகவே நாகர்கோவிலில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அருமனைக்கோ குலசேகரத்துக்கோ பஸ் ஏறி வந்து, பக்கத்து வீட்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டுப் போடுவது. தடுப்பூசி எப்போதும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் ஒன்றரை மணி நேரம் போனால் சக்தி போய்விடலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்துக் கொண்டுவருவது. உறைந்துபோன ஃபுளூ தடுப்பூசியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. தடுப்பூசி வைத்திருக்கும் மருத்துவமனைக்கே ஆட்டோ பிடித்துப் போய்ப் போட்டுக்கொள்வது நல்லது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃபுளூ ஊசி இல்லாததால் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். கொடுத்த காசு வீணாகப் போகக் கூடாது.

வீட்டில் எல்லோருக்கும் போட வசதி இல்லையென்றால் யாருக்கு முதலில்? என்னைக் கேட்டால் கர்ப்பிணி, நுரையீரல் அல்லது இதய நோயுள்ள பெரியவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. பிறகு அவர்களோடு ஒரே அறையில் தூங்குகிறவர்கள்.

கர்ப்பிணியும் கைக்குழந்தையும்

"வயித்துல பிள்ளை இருக்கும்போது ஊசி வேண்டாம்" என்று மாமியாரும் அம்மாவும் சேர்ந்து தடுப்பது உண்டு. அன்பினால்தான் தடுக்கிறார்கள். ஆனால் கர்ப்ப காலத்தில் ஃபுளூ வந்தால் தாய்க்குக் கடுமையாகும் அபாயம் கூடுதல். எந்த மாதத்திலும் இந்த ஊசியைப் போடலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃபுளூ ஊசி போட முடியாது; தாய் போட்டுக்கொண்டால் அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பு குழந்தைக்கும் போய், பிறந்த முதல் மாதங்களைக் காக்கிறது. அந்தக் குழந்தைக்கு அதுதான் கவசம்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் வேறொரு தவறு நடக்கிறது. முதல் தடவை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும், ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒன்பது வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் ஆண்டு இது பொருந்தும். மே கடைசியில் முதல் டோஸ் போட்டால் இரண்டாவது டோஸ் மழைக்குள் போய்விடும். ஏப்ரலிலேயே தொடங்கினால் நிம்மதி.

நிமோனியா ஊசியை ஃபுளூ ஊசி என்று நினைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. அது நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கானது. ஃபுளூ நுரையீரலைப் பலவீனமாக்கிய பிறகு பின்னாலேயே நுழைவது இந்தக் கிருமிதான். குழந்தைகளுக்கு ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று டோஸ் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே போடப்படுகிறது. பெரியவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தனியாகப் போட வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மூச்சிரைப்பைத் தரும் ஆர்எஸ்வி வைரஸுக்கு எதிராகவும் 2023 முதல் வெளிநாடுகளில் தடுப்பூசிகள் வந்துள்ளன. நம் இலவச அட்டவணையில் அது இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறுள்ள குழந்தை உள்ளவர்கள் குழந்தை மருத்துவரிடம் இதைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும்.

காய்ச்சல் வந்த பிறகு தொலைக்கும் இரண்டு நாள்

ஊசி போட்டவருக்கும் ஃபுளூ வரலாம் என்பதால் இதையும் சொல்லாமல் விட முடியாது. ஒசெல்டாமிவிர் என்ற ஃபுளூ மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். எல்லோருக்கும் அது தேவையில்லை. பெரியவர், கர்ப்பிணி, நாட்பட்ட நோயுள்ளவர் ஆகியோருக்கு மருத்துவர் கொடுப்பார். நாமோ முதல் நாள் ஆவி பிடித்து, இரண்டாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு, நான்காம் நாள் மூச்சு வாங்கும்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அசித்ரோமைசின் வைரஸை ஒன்றும் செய்யாது. குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஃபுளூவோடு சேரும்போது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அபாயம் உண்டு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், எடைக்கேற்ற அளவில்.

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பேட்டரி மாற்றி வையுங்கள். மருதாணியோ நகப்பூச்சோ உள்ள விரலில் வைத்தால் அளவு தவறலாம். 94-க்குக் கீழே போனால் காத்திருக்க வேண்டாம். குழந்தைக்கு மூச்சை எண்ண வேண்டும்; அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, தூக்கிவிட்டாலும் கண் திறக்காமல் துவண்டாலோ உடனே கிளம்ப வேண்டும். மலையோரத்தில் இருப்பவர்கள் ராத்திரி மழையில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போக வேண்டுமே என்று விடியலுக்குக் காத்திருக்கக் கூடாது. பத்மநாபபுரத்திலும் குழித்துறையிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸிலேயே ஆக்சிஜன் வைத்துக் கொண்டுபோவார்கள்.