இரவு ஷிப்ட் முடித்து வருபவரின் பகல் தூக்கத்தைக் காப்பது எப்படி?

ஓசூர் சிப்காட்டில் இரவு பத்து மணி ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் கம்பெனி பஸ்ஸில் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களுக்குத் திரும்புபவர்கள் பகலில் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அயர்ந்து தூங்குவது அரிது. வெளிச்சம் கண்ணில் பட்டதும் தூக்கத்துக்குத் துணைபுரியும் மெலடோனின் சுரப்பு அடங்கிவிடுவதும், உடலின் உள் கடிகாரம் பகலை விழித்திருக்கும் நேரமாகவே கணக்கிடுவதும் இதற்குக் காரணங்கள்.

ஆகவே முதல் வேலை வெளிச்சத்தைத் தடுப்பது. பஸ்ஸில் வருபவர் கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளலாம். பைக்கில் வருபவருக்கு அது ஆகாது, அவர் கண் சொருகுவதாக உணர்ந்தால் புறப்படுவதற்கு முன்பே இருபது நிமிடம் தூங்கிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுவதே பாதுகாப்பு. வீட்டில் சன்னலுக்குக் கெட்டியான போர்வையோ அட்டையோ போதும். வீட்டாரின் ஒத்துழைப்புதான் கடினம்: நள்ளிரவில் யாரையும் எழுப்பத் தயங்குபவர்கள்கூடப் பகல் பதினொரு மணிக்கு ரேஷன் கடைக்குப் போகச் சொல்லி எழுப்புவார்கள். தூங்கும் நேரத்தை எழுதிக் கதவில் ஒட்டிவைக்கலாம். ஒரே மூச்சில் தூக்கம் வராதவர்கள் காலையில் ஐந்து மணி நேரமும், மாலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரமும் எனப் பிரித்துக்கொள்ளலாம்.

உடலில் சேர்ந்த காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆவதால், கடைசி டீயை இரவு இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். களியோ சோறோ வயிறு நிறையச் சாப்பிடுவதை வேலைக்குக் கிளம்பும் முன்பே வைத்துக்கொண்டு, நடு இரவில் கொஞ்சமாகச் சாப்பிடுவது நல்லது.

வீட்டில் என்ன செய்தாலும் ஷிப்ட் அட்டவணை சரியில்லாவிட்டால் பயன் குறைவு. இரவு பத்துக்கு வேலை முடித்தவரை மறுநாள் காலை ஆறுக்கே வரச் சொன்னால் இடைவெளி எட்டு மணி நேரம். ஓசூரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரிக்குப் போய்வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழிந்தால், குளிக்கவும் சாப்பிடவும் தூங்கவும் சேர்த்து ஆறு மணி நேரம்கூட மிஞ்சாது. காலை, பிற்பகல், இரவு என்று முன்னோக்கிச் சுழலும் வரிசை உடலுக்கு எளிது. தலைகீழ் வரிசை கடினம். இதைத் தனியாளாகச் சூப்பர்வைசரிடம் கேட்பதைவிட, ஒரே பஸ்ஸில் வருபவர்கள் சேர்ந்து சங்கம் அல்லது பணிக்குழு (தொழிலாளர், நிர்வாகம் இரு தரப்பும் உள்ள குழு) வழியாக எழுத்தில் கேட்பது பலன் தரும். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் சட்டப்படி உண்டு, ஆனால் தூங்கும் நேரத்தை விற்றுத்தான் அது கிடைக்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் மீண்டும் 2019-இலும் இரவுப் பணியை அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. அதற்காக வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் வண்டி ஓட்டும்போது கண் செருகினாலோ, வார விடுமுறையிலும் தூக்கம் வராவிட்டாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ தள்ளிப்போடாமல் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்ட வேண்டும். மனச்சோர்வு மிகுந்தால் 14416 என்ற கட்டணமில்லாத டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், எந்த வாரம் எந்த ஷிப்ட் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லி, ஒவ்வொரு ஷிப்டுக்கும் உரிய மருந்து நேரத்தைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.