பாசி தின்னும் பிரிசில்நோஸ் வளர்ப்பு

வண்ணமீன் கடையில் பாசி தின்னும் 'சக்கர்' மீன் என்று விரல் நீளத்தில் விற்பது பெரும்பாலும் செயில்ஃபின் பிளெக்கோ. ஓர் அடிக்கு மேல் வளரும். 2 அடித் தொட்டிக்கு ஆகாது. அதன் சிறிய உறவு மீனான பிரிசில்நோஸைக் கேட்டு வாங்குங்கள். 4–5 அங்குலத்தோடு நின்றுவிடும். வளர்ந்த ஆணின் மூக்கில் கிளைவிட்ட மீசைகள் இருக்கும்.

80 லிட்டர் தொட்டிக்கு ஒன்று போதும். இரண்டு ஆண்கள் என்றால் இடத்துக்குச் சண்டைதான். புதுத் தொட்டியில் விடாதீர்கள். ஃபில்டர் 4–6 வாரம் ஓடி, கண்ணாடியில் பாசி படிந்த பிறகே விடலாம். வெப்பம் 22–27 டிகிரி. கோடையில் அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்பை நிறுத்தவே கூடாது. சுரண்டித் தின்ன ஒரு டிரிஃப்ட்வுட் (தொட்டியில் போடும் மரக்கட்டை) துண்டு போடுவது நல்லது.

பாசியை மட்டும் தின்று வாழும் என்று நம்பித்தான் பலர் பட்டினி போடுகிறார்கள். வயிற்றைக் கண்ணாடி வழியே பாருங்கள்: உள்வாங்கியிருந்தால் பசி. இரவில் விளக்கணைத்தபின் லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டை ஸ்பூனில் குத்தி மூழ்கவிடுங்கள். காலையில் மிச்சத்தை எடுக்காவிட்டால் அழுகி, தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறும்.

கழிவு அதிகம் போடும் மீன் இது. வாரம் 25–30% தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள். தாமிரம் கலந்த மருந்து ஆபத்து. கரும்பச்சைத் திட்டாகப் படியும் சயனோபாக்டீரியாவை இது தொடாது, கையால்தான் எடுக்கவேண்டும்.

செயில்ஃபின் வளர்ந்து இடம் போதவில்லையென்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். ஏரியில் விடாதீர்கள், தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது.